சூளையில் கண்ணாடியை இணைத்தல்: முதல் சதுரத்தை விரிசலின்றிச் செய்து எடுப்பது எப்படி?

பசையோ ஈயப் பட்டையோ இல்லாமல், சூளையின் வெப்பத்தை மட்டுமே கொண்டு கண்ணாடித் துண்டுகளை ஒரே உடலாக இணைக்கும் கலைக்கு கிளாஸ் ஃபியூசிங் என்று பெயர். கண்ணாடி ஊதுபவரைப்போல அனல் பறக்கும் உலையின் முன் நின்று உருகிய குழம்பைக் கையாள வேண்டிய தேவை இதில் இல்லை. அறை வெப்பநிலையில் நிதானமாக வெட்டி, அடுக்கி, சூளையை மூடிவிட்டு மறுநாள் திறந்தால் போதும். ஆனால் மூடியிருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாதவருக்கு இந்தக் கலை வசப்படாது. 10 செ.மீ. பக்கமும் 6 மி.மீ. தடிமனும் கொண்ட ஒரு சதுரத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செய்து பார்ப்போம்.

தொடக்க நாட்களில் நான் ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் நீலக் கலைக் கண்ணாடியை வைத்து உருக்கினேன். சூளையிலிருந்து அது பழுதில்லாமல் பளபளப்பாகவே வெளியே வந்தது. மூன்றாம் நாள் காலை, யாரும் தொடாமல் மேசைமேல் இருந்தபடியே, 'டிக்' என்ற சிறு ஒலியுடன் அது பிளந்தது. விரிசல் நேர்கோட்டில் ஓடவில்லை. நீலத் துண்டின் ஓரத்தை ஒட்டியே வளைந்து சென்றிருந்தது. பொருந்தாத இரண்டு கண்ணாடிகளை இணைத்ததன் அடையாளமே அந்த வளைவு என்பதைப் பின்னர்தான் அறிந்துகொண்டேன்.

கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாக் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. இந்த விரிவைக் குறிக்கும் எண்ணை சி.ஓ.இ. என்பார்கள். சி.ஓ.இ. 90 என்றால், ஒரு மீட்டர் நீளமுள்ள கண்ணாடி ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் 0.009 மி.மீ. நீள்கிறது என்று பொருள். 90-க்கும் 96-க்கும் உள்ள வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால், நமது 10 செ.மீ. சதுரம் 500 டிகிரியிலிருந்து அறை வெப்பநிலைக்கு வரும்போது இரண்டும் சுருங்கும் அளவில் ஏறத்தாழ 0.03 மி.மீ. வேறுபாடு உண்டாகிறது. தலைமுடியின் தடிமன்கூட இல்லாத அந்த அளவே கண்ணாடியைப் பிளந்துவிடப் போதுமானது. ஏனென்றால் இறுகிய கண்ணாடி இம்மியும் விட்டுக்கொடுக்காது.

ஆகவே ஒரே சூளையேற்றத்தில் ஒரே குடும்பக் கண்ணாடியை மட்டுமே பயன்படுத்துங்கள். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் 1974-இல் தொடங்கப்பட்ட புல்ஸ்ஐ நிறுவனத்தின் கண்ணாடி 90 வகையைச் சேர்ந்தது. ஓஷன்சைடு நிறுவனத்தின் சிஸ்டம் 96 மற்றொரு குடும்பம். எண் ஒன்றாக இருந்தாலே பொருந்திவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. குளிரும்போது கண்ணாடி எந்த வேகத்தில் இறுகுகிறது என்பதும் பொருத்தத்தைத் தீர்மானிப்பதால், இணைப்புக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சோதித்துக் குறித்திருக்கும் தகடுகளையே, முடிந்தவரை ஒரே தயாரிப்பாளரிடமிருந்தே வாங்குவது நல்லது. ஜன்னல் கண்ணாடியையும் உருக்கி இணைக்கலாம். ஆனால் ஒரே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகளைத் தம்மோடு தாமே இணைக்க வேண்டுமே தவிர, கலைக் கண்ணாடியோடு சேர்க்கக் கூடாது.

நமது சதுரத்துக்கு 3 மி.மீ. தடிமனுள்ள நிறமற்ற தகடு ஒன்றும், அதே தடிமனில் இரண்டு மூன்று நிறத் தகடுகளும், சிறிதளவு ஃபிரிட் எனப்படும் கண்ணாடிக் குருணையும் போதும். சில சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் வகைகள் சூளைக்குள் போகும் முன் வெளிறித் தெரியும். அவற்றின் உண்மையான நிறம் வெப்பத்தில்தான் எழும். செம்பு கலந்த நீலப்பச்சைக் கண்ணாடியும் கந்தகம் கலந்த மஞ்சள் கண்ணாடியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் கரும்பழுப்புக் கோடு தோன்றும். வேண்டுமென்றே அதை ஓவியத்தில் பயன்படுத்துவோர் உண்டு. முதல் சதுரத்தில் அவ்விரண்டையும் அருகருகே வைக்காமல் இருப்பதே நலம்.

கருவிகள்

இதற்கென்றே செய்யப்பட்ட சூளைகள் ஆழம் குறைந்தவை. வெப்பக் கம்பிகள் மேல்மூடியில் இருப்பதால் தகடு முழுவதும் சீராகச் சூடேறும். மட்பாண்டச் சூளையில் கம்பிகள் பெரும்பாலும் பக்கச் சுவர்களில் இருக்கும். அதில் செய்வதானால் தகட்டின் ஓரம் நடுப்பகுதியைவிட முந்திச் சூடேறும் என்பதால் வெப்பத்தை இன்னும் மெதுவாக ஏற்ற வேண்டும். எந்தச் சூளையானாலும் வெப்பநிலையைப் படிப்படியாக நிரல்படுத்தும் கன்ட்ரோலர் இருக்க வேண்டும். மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம் என்பது எனது கருத்து.

வெட்டுவதற்கு, எண்ணெய் நிரப்பும் கைப்பிடியும் கார்பைடு சக்கரமும் கொண்ட கட்டர், கீறலைத் திறக்கும் ரன்னிங் பிளையர், ஓரங்களைக் கொத்தி எடுக்கும் தட்டை மூக்குக் குறடு, இரும்பு அளவுகோல் ஆகியவை தேவை. நீரோடு இயங்கும் வைரத்தூள் கிரைண்டர் இருந்தால் வசதி; இல்லாவிட்டாலும் நேர்கோட்டு வேலைக்குத் தடையில்லை. கண் பாதுகாப்புக் கண்ணாடியும் நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசமும் முதல் நாளிலிருந்தே கட்டாயம். கண்ணாடிப் பொடியும் சூளைப் பூச்சுத் தூளும் நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பவை. மேசையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

தட்டுக்குப் பூச்சிடுதல்

உருகிய கண்ணாடி சூளைத் தட்டில் ஒட்டிக்கொண்டால் தட்டையும் படைப்பையும் சேர்த்து இழக்க நேரும். அலுமினா ஹைட்ரேட்டும் வெண்களிமண்ணும் கலந்த கில்ன் வாஷை நீரில் கரைத்து, மென்மையான அகலத் தூரிகையால் ஒவ்வொரு முறையும் திசையை மாற்றி, நான்கைந்து மெல்லிய பூச்சுகளாக இடுங்கள். பின்னர் 260 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து ஈரத்தை முற்றிலும் போக்குங்கள். தூரிகைக் கோடுகள் இருந்தால் அவை கண்ணாடியின் அடிப்புறத்தில் அப்படியே பதியும். முழு உருக்கத்துக்குப் பின் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பூச்சுக்குப் பதிலாக, சூளை வெப்பத்தைத் தாங்கும் மெல்லிய ஃபைபர் பேப்பரைத் தட்டின்மேல் விரித்தும் வைக்கலாம்.

வெட்டுதல்

கட்டர் கண்ணாடியை வெட்டுவதில்லை; மேற்பரப்பில் ஒரு நுண்ணிய கீறலை உண்டாக்குகிறது. அந்தக் கீறலின் வழியே விரிசலை நாம் நடத்திச் செல்கிறோம். கண்ணாடியைச் சுத்தமான, சமமான பரப்பில் வைத்து, அளவுகோலை அழுத்திப் பிடித்து, கட்டரை ஓரளவு செங்குத்தாக நிறுத்தி, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சீரான அழுத்தத்தில் ஒரே ஓட்டமாக இழுங்கள். காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள்: பட்டுத்துணியைக் கிழிப்பதுபோன்ற மெல்லிய, இடையறாத ஒலி வந்தால் கீறல் சரியாக விழுகிறது. நறநறவென்று ஒலித்து, கோடு வெள்ளையாகப் பொரிந்து தெரிந்தால் அழுத்தம் மிகுதி. அப்படிப்பட்ட கோடு கண்ணுக்கு ஆழமாகத் தோன்றினாலும் நேராக உடையாது. ஒருமுறை கீறிய கோட்டின்மேல் மறுபடியும் ஓட்டாதீர்கள். சக்கரம் கெடும், கண்ணாடியும் தாறுமாறாக உடையும்.

கீறியவுடனேயே உடைத்துவிட வேண்டும். ரன்னிங் பிளையரின் நடுக்கோட்டைக் கீறலுக்கு நேராக வைத்து மெதுவாக அழுத்தினால், விரிசல் வெள்ளிக்கம்பிபோல் ஒளிர்ந்துகொண்டு கண்ணாடிக்குள் ஓடுவதைப் பார்க்கலாம். நிறமற்ற தகட்டில் 10 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டிக்கொண்டு, நிறத் தகடுகளை வெவ்வேறு அகலமுள்ள பட்டைகளாக, அந்தச் சதுரத்தை முழுவதும் மூடும் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

அடுக்குதல்

இரண்டு அடுக்கு என்பதற்குக் காரணம் உண்டு. முழுமையாக உருகிய கண்ணாடி, தன் மேற்பரப்பு இழுவிசையால், ஏறத்தாழ 6 மி.மீ. தடிமனை நாடும். ஒற்றை 3 மி.மீ. தகட்டை உருக்கினால் அது ஓரங்களை உள்ளிழுத்துத் தடிக்கப் பார்க்கும். மூன்று அடுக்கு வைத்தால் வெளியே வழியும். இரண்டு அடுக்கே வைத்த வடிவத்தில் நிற்கும்.

எண்ணெய்ப் பசையும் விரல்ரேகையும் போகும்வரை துண்டுகளைக் கழுவி, நாரில்லாத துணியால் துடைத்து, ஓரங்களை மட்டும் பிடித்து அடுக்குங்கள். நிறமற்ற சதுரம் அடியில். பட்டைகள் மேலே நெருக்கமாக. பட்டைகளுக்கிடையே உள்ள இடுக்குகள் காற்று வெளியேறும் வழியாகவும் உதவுவதால், தொடங்குபவருக்கு இந்த அமைப்பு பாதுகாப்பானது. குருணையைச் சிறிதளவு தூவலாம். பசை வைத்தே ஆக வேண்டுமென்றால் ஊசிமுனையளவு, அதுவும் ஓரத்தில். மிகுந்தால் மங்கலான தடம் எஞ்சும்.

சூளை அட்டவணை

பின்வருவது 90 வகைக் கண்ணாடியின் 6 மி.மீ. தடிமனுக்கு உரியது. முதலில் மணிக்கு 222 டிகிரி வீதம் 677 டிகிரி வரை ஏற்றி, அங்கே 30 நிமிடம் நிறுத்துங்கள். ஏறத்தாழ 540 டிகிரி வரை கண்ணாடி இறுகிய பொருளாகவே இருப்பதால், அவசரமாகச் சூடேற்றினால் உடையும். 677-இல் அது மெழுகுபோல் தளர்ந்து, மேலடுக்கு கீழடுக்கின்மேல் மெல்லப் படியும். இடையிலிருக்கும் காற்று வெளியேற அந்த அரைமணி நேரம் வேண்டும்.

பிறகு மணிக்கு 333 டிகிரி வீதம் 804 வரை சென்று 10 நிமிடம். பார்வைத் துளை வழியாக, அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணிந்து இதைப் பார்க்கலாம்: உள்ளே எல்லாம் ஆரஞ்சு நிறமாகியிருக்கும், பட்டைகளின் விளிம்புகள் உருண்டு, இடுக்குகள் மறைந்து, பரப்பு நிறைகுளம்போல் சமமாகிக்கொண்டிருக்கும். சூளைக்குச் சூளை சில டிகிரி வேறுபாடு இருக்கும் என்பதால், முதல் இரண்டு மூன்று முறை எண்ணைவிடக் கண்ணை நம்புங்கள்.

அடுத்து 482 டிகிரி வரை சூளை தன் போக்கில் விரைவாக இறங்கட்டும். மூடியைத் திறக்க வேண்டாம். 700-க்கு மேற்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் தங்கினால் கண்ணாடியின் மேற்பரப்பில் படிகங்கள் தோன்றி மங்கலான ஏடு படிந்ததுபோல் ஆகிவிடும்.

இனி வருவதுதான் இந்தக் கலையின் உயிர்நிலை. 482 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்தி, அதன்பின் மணிக்கு 83 டிகிரி வீதம் 371 வரை இறக்கி, பிறகு சூளையை அணைத்து அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியே வையுங்கள். இதைக் கட்டுப்படுத்தி ஆற்றுதல் என்பார்கள். நிறுத்தும் நேரத்தில் கண்ணாடியின் உள்ளும் புறமும் ஒரே வெப்பநிலைக்கு வந்து, உள்ளிருக்கும் இறுக்கம் தளர்கிறது. அடுத்து மெதுவாக இறக்குவதால் மேற்பரப்பு முந்தி இறுகி உட்பகுதியை இழுப்பது தவிர்க்கப்படுகிறது. தடிமன் கூடினால் நிறுத்தமும் நீள வேண்டும், இறக்கமும் இன்னும் மெதுவாக வேண்டும்: 12 மி.மீ.க்கு இரண்டு மணி நேர நிறுத்தமும் தொடக்கத்தில் மணிக்கு 55 டிகிரி இறக்கமும், 19 மி.மீ.க்கு மூன்று மணி நேரமும் மணிக்கு 25 டிகிரியும் தேவை. சிஸ்டம் 96 கண்ணாடியை ஆற்றும் வெப்பநிலை 510 டிகிரி.

துண்டுகள் மேடாகத் தெரியும்படி அரைகுறையாக ஒட்டவைக்கும் டேக் ஃபியூஸ் முறைக்கு 730 முதல் 760 டிகிரி போதும். ஆனால் மேடும் பள்ளமும் வெவ்வேறு வேகத்தில் ஆறுவதால், அதற்கு மிகத் தடித்த பகுதியைப்போல் இரு மடங்கு தடிமன் இருப்பதாகக் கொண்டு ஆற்ற வேண்டும்.

திறந்த பின் பார்க்க வேண்டியவை

விரிசல் இருந்தால் அதன் விளிம்பைத் தடவாமல் கூர்ந்து பாருங்கள். விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால், சூடேறும்போதே உடைந்து பிறகு உருகியிருக்கிறது. அடுத்த முறை தொடக்க வேகத்தைக் குறையுங்கள். விளிம்பு கத்திபோல் கூராக இருந்தால் ஆறும்போது உடைந்தது. ஆற்றும் நேரத்தைக் கூட்டுங்கள். நிற எல்லையை ஒட்டி வளைந்து சென்றால் கண்ணாடி பொருந்தவில்லை. பெரிய குமிழிகள், 677-இல் போதிய நேரம் தரவில்லை என்பதைக் காட்டும். ஓரங்களில் ஊசிபோன்ற நீட்சிகள் இருந்தால், உச்ச வெப்பத்தில் கண்ணாடி விரிந்து மீண்டும் சுருங்கும்போது தட்டைப் பற்றிக்கொண்டது என்று பொருள். வைரத்தூள் பட்டையை நீரில் நனைத்துத் தேய்த்து அகற்றலாம்.

விரிசல் இல்லாவிட்டாலும் உள்ளிறுக்கம் இருக்கலாம். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலராய்டு தாள்கள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பி வைத்து, அவற்றுக்கு நடுவே சதுரத்தைப் பிடித்து விளக்கை நோக்கிப் பாருங்கள். கருமையான பின்னணியில் நிறத் துண்டுகளைச் சுற்றி வெண்ணிற ஒளிவளையம் தெரிந்தால் அங்கே இறுக்கம் தங்கியிருக்கிறது.

குழிவான தட்டாக்குதல்

சதுரத்தைச் சிறு தட்டாக வளைக்க விரும்பினால், அடியில் காற்றுத்துளை உள்ள பீங்கான் அச்சுக்குக் கில்ன் வாஷ் பூசி, அதன்மேல் சதுரத்தை நடுவாக வைத்து, மணிக்கு 165 டிகிரிக்கு மிகாமல் 663 வரை ஏற்றிப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். இப்போது கண்ணாடி 6 மி.மீ. தடிமனுள்ள ஒரே கட்டி என்பதால் தொடக்கத்தில் கூடுதல் நிதானம் வேண்டும். வளைந்து அச்சைத் தொட்டதும், முன்பு செய்த அதே ஆற்றும் முறையை 482 டிகிரியிலிருந்து முழுமையாகத் திரும்பச் செய்யுங்கள். முதல் முறை பெற்ற ஆற்றுதல் இந்தச் சூட்டில் அழிந்துவிட்டிருக்கும்.