உப்புக்காற்றில் பிசுபிசுப்பு இல்லாமல் உடம்புக்கு லோஷன் பூசும் முறை

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களிடம் உடம்புக்கு லோஷன் பூசச் சொன்னால், "ஏற்கெனவே மேலெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு, இதுல அது வேறயா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் முழங்காலுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்துக் கிடக்கும், நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும்.

காரணம் பெரும்பாலும் குளியலறையில்தான் இருக்கிறது. இந்தக் கரையில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு படிவமாகத் தோலில் தங்கிவிடும். நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோப்பைத் தேய்ப்போம், படிவமும் கூடும். சாதாரண சோப்புக் கட்டியின் பி.எச். 9 முதல் 10 வரை, தோலுக்கு உகந்தது 5 அளவில். தினமும் இரண்டு தடவை உடம்பு முழுக்க சோப்புப் போட்டால் தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசை கழன்றுவிடும். கடலில் இறங்கிவிட்டு அப்படியே உலரவிட்டால் ஒட்டிய உப்பு அரிப்பைக் கூட்டும்.

அதனால் லோஷன் வாங்குவதற்கு முன் குளியலைச் சரிசெய்யுங்கள். அக்குள், இடுக்கு, பாதம், வியர்த்த இடங்களுக்கு மட்டும் சோப்பு போதும், கை கால்களுக்குத் தண்ணீரே போதும். கடைசியாக இரண்டு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடானால் அதில் ஒரு வாளி எடுத்து வைக்கலாம். குடம் விலைக்கு வாங்கும் வீட்டில் இது ஆடம்பரம்போலத் தெரியும். அங்கே அந்த இரண்டு செம்பும் கை கால்களுக்கு மட்டும் போனால் போதும். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகியவர்களும் வீட்டுக்கோ விடுதிக்கோ வந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிக்கொள்வது நல்லது.

பூசும் நேரம்

மாய்ஸ்சரைசர் பெரும்பாலும் செய்வது, தோலில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைப்பது. காய்ந்த தோலில் பூட்ட என்ன இருக்கிறது? மேலே எண்ணெய்ப்படலம் மட்டும் நிற்கும். அதைத்தான் பிசுபிசுப்பு என்று பலர் ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள், தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூசுங்கள். இதற்கு லோஷன் பாட்டிலைப் பீரோவில் வைக்கக் கூடாது. குளியலறைக் கதவுக்கு வெளியே, துண்டு தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு போதும். தேடிப்போக வேண்டியிருந்தால் மூன்று நிமிடம் அங்கேயே போய்விடும், பழக்கமும் போய்விடும்.

எவ்வளவு பூசுவது? கிரீம் குழாயிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி முதல் அதன் முதல் ரேகை வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை பரப்புக்கு, விரல்களையும் சேர்த்து, அது போதும். கணக்கு இப்படி வரும்: ஒரு கைக்கு, மணிக்கட்டுக்குக் கீழே உள்ளதையும் சேர்த்து, நான்கு கோடு. ஒரு காலுக்குப் பாதம் சேர்த்து எட்டு. நெஞ்சும் வயிறும் ஏழு, முதுகு ஏழு. உடம்பு முழுக்கப் பூசினால் 20 கிராம் ஆகும். தினமும் அவ்வளவு பூச இந்தக் கரையில் யாருக்கும் மனம் வராது, தேவையும் இல்லை. வியர்க்கும் முதுகையும் நெஞ்சையும் விட்டுவிட்டுக் கை கால்களுக்கு மட்டும் என்றால் 12 கிராம், இரண்டரைத் தேக்கரண்டி. அப்படியும் 200 மில்லி பாட்டில் பதினைந்து பதினாறு நாளில் தீரும். ஆறு மாதம் வருகிறது என்றால் பூசுவது போதவில்லை என்று அர்த்தம். விலை உயர்ந்த சின்ன பாட்டிலை மிச்சம் பிடித்துப் பூசுவதைவிட, சாதாரண பெரிய பாட்டிலைத் தாராளமாகப் பூசுவதே மேல்.

கால்களில் தொடங்குங்கள், அங்கேதான் வறட்சி அதிகம். நாலைந்து இடத்தில் பொட்டு வைத்து, ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே மேலிருந்து கீழாக நீவுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் ரோமக்கால் அடைபட்டுச் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும். முழுதாக ஊறும்வரை தேய்க்கவும் வேண்டாம். லேசான பளபளப்போடு விட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே ஒரு பாட்டு ஓடி முடியும் நேரம் நின்றால் மீதி தானாகப் படியும். அதன் பிறகு உடுத்தினால் துணியில் ஒட்டாது. நாள் முழுக்க வேறெதற்கும் தராத அந்த நாலு நிமிடத்தில் காபி ஆறினாலும் பரவாயில்லை, போனை மட்டும் எடுக்காதீர்கள். எண்ணெய்க் கையோடு எடுத்தால் திரை பாழ்.

எதைப் பூசுவது

சித்திரை வெயிலிலும் அதன் பின் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களிலும் கிளிசரின் உள்ள தண்ணிய லோஷன் போதும். மார்கழி, தை வாடையில் கொஞ்சம் கெட்டியான கிரீமுக்கு மாறலாம். கிளிசரினை அப்படியே பூசாதீர்கள், ஒட்டும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு பன்னீர் கலந்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உள்ளங்கையிலேயே கலக்குங்கள். தண்ணீர் சேர்ந்த வீட்டுக் கலவையைப் பாட்டிலில் அடைத்து வைத்தால் இந்த வெக்கையில் சீக்கிரம் கிருமி வளரும்.

தேங்காய் எண்ணெய் நல்லதுதான், ஆனால் அளவு மிகக் குறைவு. ஈரத் தோலில் கை கால்களுக்கு மொத்தமே ஒரு தேக்கரண்டி. முகப்பரு உள்ளவர்கள் முகத்துக்குத் தவிர்க்க வேண்டும். முதுகிலும் கழுத்திலும் தேமல் இருப்பவர்கள் அங்கே எண்ணெய் பூசவே கூடாது, தேமலுக்குக் காரணமான பூஞ்சைக்குத் தீனியே கொழுப்புதான். வேர்க்குரு நேரத்திலும் எண்ணெய் வேண்டாம்.

மணம் பிடித்திருந்தால்தான் கை தினமும் பாட்டிலைத் தேடும். பத்து கிராம் வெட்டிவேரைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, நூறு மில்லி தேங்காய் எண்ணெயில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் விட்டு வடிகட்டுங்கள். வேரில் ஈரம் நின்றால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அத்தர் விருப்பமானவர்கள் அதைச் சட்டையில் தடவட்டும். வறண்ட தோலில் நேரடியாகப் பட்டால் சிலருக்கு அரிப்பு எடுக்கும். எந்தப் புதுப் பொருளையும் முதலில் முழங்கை மடிப்பில் சில நாள் பூசிப் பாருங்கள்.

வெயிலில் போவதென்றால் லோஷன் முதலில், சன்ஸ்கிரீன் அதன் மேல். இடையில் சில நிமிடம் விடுங்கள்.

பித்தவெடிப்பும் கையும்

வெறும் காலில் மணலிலும் உப்பளத்திலும் நடப்பவர்களின் குதிகாலுக்கு லோஷன் எட்டாது. நூறு மில்லி தேங்காய் எண்ணெயில் இருபது கிராம் தேன்மெழுகைக் கொதிநீருக்குள் வைத்து உருக்கி டப்பாவில் ஊற்றுங்கள். பத்து கிராம் போட்டால் சித்திரையில் இறுகாமல் கூழாகவே நிற்கும். தண்ணீர் சேராததால் மாதக்கணக்கில் இருக்கும். இரவில் பாதத்தைப் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒற்றி, பூசி, பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். காலுறை வெப்பத்துக்காக அல்ல, பூசியது தரையில் படாமல் இருக்க. சிமென்ட் தரையிலும் டைல்ஸிலும் எண்ணெய்ப் பாதம் ஆபத்து, வயதானவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தோல் தடித்திருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் 10 சதவீத யூரியா கிரீம் நன்றாகக் கேட்கும். வெடிப்பு ரத்தம் கசியும் அளவுக்கு இருந்தால் எரியும், ஆறிய பிறகு தொடங்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால்விரல் இடுக்கில் எதையும் பூச வேண்டாம், ஈரம் தங்கிப் புண்ணாகும்.

கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். அதற்குள்ளே கை முழுக்க மெல்லிய பெட்ரோலியம் ஜெல்லி பூசினால் உப்புநீர் அவ்வளவாகத் தாக்காது. உள்ளங்காலில் பூசக் கூடாது, பாறையில் வழுக்கும். முண்டு மிளகாய் காம்பு கிள்ளிய கையில் நேரே லோஷன் பூசினால் காரம் எண்ணெயில் கரைந்து முழங்கைவரை எரியும். முதலில் சமையல் எண்ணெயைத் தடவித் துடைத்துச் சோப்பால் கழுவிவிட்டு, பிறகு பூசுங்கள்.

வாய் அகன்ற டப்பாவில் ஈரவிரல் விடாதீர்கள், கரண்டியால் எடுங்கள். பெட்ரோலியம் ஜெல்லியும் எண்ணெயும் ஊறிய துணியில் தீ சட்டென்று பற்றும், அந்தத் துணியோடு அடுப்படிக்கோ விளக்கருகிலோ போக வேண்டாம். அப்படிப்பட்ட துணிகளைச் சேர்த்து வைக்காமல் அடிக்கடி துவையுங்கள்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் அரிப்பு நிற்கவில்லை, இரவில் கூடுகிறது, வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கிறது என்றால் அது சிரங்காக இருக்கலாம். வட்டமாக ஓரம் சிவந்து பரவினால் படர்தாமரை. இரண்டுக்கும் மாய்ஸ்சரைசர் மருந்தல்ல. கடையில் கேட்டவுடன் தரும் ஸ்டீராய்டு கலந்த கிரீம் இரண்டு நாள் அடக்கிவிட்டுப் பிறகு பல மடங்காகக் கிளப்பிவிடும், நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.