மாடிஃபை செய்த ஆர்.எக்ஸ். 100: விலை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் தை, மாசியில்தான் எங்கள் பக்கம் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் அதிகம் கைமாறும். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எங்கே போனாலும் யாராவது ஒரு பையன் யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ ஓரங்கட்டி, "அண்ணே, இதுக்கு என்ன விலை சொல்லலாம்?" என்று கேட்கிறான். வண்டியைக் கழுவித் துடைத்துக் காட்ட வேண்டும், ஆர்.சி. கையில் இல்லாமல் பேசக்கூடாது என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். அவன் சறுக்குவது வேறு இடங்களில்.

பில்லைக் கூட்டி விலை சொல்வது

அலாய் வீலுக்கு இவ்வளவு, டிஸ்க் பிரேக்குக்கு இவ்வளவு, பவுடர் கோட்டிங்குக்கு இவ்வளவு. எல்லாம் உங்கள் ஆசைக்குச் செய்த செலவு. வாங்குபவர் அதைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டார்.

கழற்றிய சாமானைக் கைவிடுவது

இதைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஆர்.எக்ஸ். 100 வந்தது 1985-இல், நின்றது 1996-இல். 98 சி.சி., 11 குதிரைத்திறன், நூறு கிலோ சொச்சம் எடை. நின்றுபோய் இத்தனை வருடம் ஆன வண்டிக்கு ஒரிஜினல் சாமான் எங்கே போய்த் தேடுவது? கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் டூப்ளிகேட். மாடிஃபை வண்டியைப் பார்க்க வருபவர்களில் நல்ல விலை தருபவர், அதைப் பழையபடி ஆக்கி வைத்துக்கொள்ள நினைக்கிறவர்தான். அவர் போடுவது கழித்தல் கணக்கு. இல்லாத சாமான் ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க ஆகும் செலவை உங்கள் விலையிலிருந்து எடுத்துக்கொண்டே வருவார்.

திருவாரூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். எக்ஸ்பான்ஷன் சேம்பர் (வேகத்துக்காக மாட்டும் சைலன்சர்), பெரிய கார்புரேட்டர், ஒற்றை சீட். வேலை சுத்தம்தான், குறை சொல்ல முடியாது. திருச்சியிலிருந்து வந்த பார்ட்டி குனிந்து, கிராங்க் கேஸில் அப்பியிருந்த எண்ணெய் அழுக்கை விரலால் வழித்தார். ஆர்.எக்ஸ். 100-க்கே உரிய, 1எல்1 என்று தொடங்கும் எஞ்சின் நம்பர் தெரிந்தது. ஆர்.சி.யோடு ஒத்துப்போனது. ஆளுக்கு முகமே மலர்ந்துவிட்டது. அப்புறம் கேட்டார்: "பழைய சைலன்சர், மிகுனி கார்புரேட்டர், மட்கார்டு எல்லாம் எடுத்து வச்சிருக்கீங்களா தம்பி?"

"அதெல்லாம் மெக்கானிக்கிட்டயே விட்டுட்டேன் சார். கூலியில கழிச்சுக்கிட்டார்."

ஒரு லட்சத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த பேச்சு அந்த இடத்திலேயே எழுபதாயிரத்துக்கு இறங்கியது. பையன் மெக்கானிக்கிடம் ஓடினான். சைலன்சர் எப்போதோ வேறு வண்டியில் ஏறிவிட்டது. கூலியில் கழித்தது ஆயிரமோ இரண்டாயிரமோ இருக்கும்!

கழற்றியதையெல்லாம், பழைய போல்ட், ரப்பர் உட்பட, எண்ணெய் தடவிக் கோணியில் சுற்றிப் பரணில் போடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக்காற்றுக்கு எண்ணெய் இன்னும் தாராளமாக. விற்கும்போது வண்டியோடு சேர்த்து ஒரே விலை சொல்லுங்கள். சாமானைத் தனியாகப் பிரித்தால் அதுதான் முதலில் போகும், வண்டி உங்கள் வாசலிலேயே நிற்கும்.

திரும்பி வராத வேலையும் ஒன்று உண்டு: போர்ட்டிங், அதாவது சிலிண்டர் பிளாக்கில் காற்றும் புகையும் போய்வரும் வழிகளைத் தேய்த்துப் பெரிதாக்குவது. பிளாக்கில் ஒருமுறை தேய்த்து எடுத்த உலோகத்தை ஒட்டவைக்க முடியாது. தனியாக ஒரு பிளாக் வாங்கி அதில் கைவைத்து, ஒரிஜினலை எடுத்து வைப்பவன் பிழைத்தான். ஸ்டாண்டர்ட் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 50 மி.மீ. தேய்ந்த துளையைக் கடைந்து பெரிதாக்கியதில் எத்தனை ஓவர்சைஸ் போயிருக்கிறது, 25-ஆ 50-ஆ (0.25, 0.50 மி.மீ.) என்று பார்ட்டி கட்டாயம் கேட்பார். தெரியாமல் முழித்தால் கடைசி சைஸ் என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

135 எஞ்சினைப் பெருமையாகச் சொல்வது

சேஸ் ஆர்.எக்ஸ். 100, எஞ்சின் அதைவிடப் பெரிய ஆர்.எக்ஸ். 135, கேட்பது இரண்டுக்கும் சேர்த்து விலை. ஆர்.சி.யில் இருக்கும் நம்பர் வேறு, வண்டியில் இருப்பது வேறு என்றால் அது சாமான் விலைக்குத்தான் போகும். ஆர்.சி. விவரத்துக்குப் பொருந்தாதபடி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. இதைத் தெரிந்த பார்ட்டி அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் விலையை அடிப்பார்.

புதுப்பித்த தேதியைச் சொல்லாமல் விடுவது

எல்லா ஆர்.எக்ஸ். 100-ம் பதினைந்து வருடத்தைத் தாண்டியவை. ஆர்.சி.யை ஐந்தைந்து வருடமாகத்தான் நீட்டித் தருவார்கள். நான்கு வருடம் மீதி இருக்கும் வண்டியும் நான்கு மாதம் மீதி இருக்கும் வண்டியும் ஒரே விலைக்குப் போகாது. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனால் சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். பவுடர் கோட்டிங்கில் நம்பர் மூடிப்போயிருந்தால் அங்கேயே வம்பு.

'வின்டேஜ்' என்று போடுவது

2021 விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் இருப்பதுதான் வின்டேஜ். முதல் ஆர்.எக்ஸ். 100-க்கே 2035 ஆகவேண்டும். உங்களுடையது மாடிஃபை வேறு.

ஐப்பசி மழையில் காட்டுவது

வேண்டாம்.

காரைக்கால் வண்டிக்கு நம்மூர் விலை சொல்வது

பி.ஒய். 02 நம்பரை நாகை, மயிலாடுதுறைக்காரர் வாங்கினால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எடுக்க வேண்டும், இங்கே வரி கட்டி நம்பர் மாற்ற வேண்டும். அலைச்சல் அவருக்குத்தான் என்று இருந்துவிடாதீர்கள், அவர் அதைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார். அந்தச் செலவை முன்கூட்டியே விசாரித்து, நீங்களே கழித்துக்கொண்டு விலை சொன்னால் பேரத்தில் உங்கள் பிடி இருக்கும். காரைக்காலிலேயே ஆள் கிடைத்தால் இந்தப் பேச்சே இல்லை.