தினமும் இருபது நிமிடம் தனியாக

உங்கள் மனதை நீங்களே கவனிக்க, தினமும் இருபது நிமிடம் தனியாக உட்காருங்கள். போனை சைலன்டில் போட்டால் போதாது, வேறு அறையில் வையுங்கள். மொட்டை மாடியோ படிக்கட்டோ, தினமும் ஒரே இடம். கையில் 40 பக்க நோட்டும் பேனாவும்.

முதல் பத்து நிமிடம் இருப்புக்கொள்ளாது. எழுந்துவிடாதீர்கள். 2014-இல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில், 15 நிமிடம் சும்மா இருக்க முடியாமல் சிலர் தங்களுக்கே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள்! முதலில் கேஸ் புக்கிங், கரண்ட் பில் என்று பாக்கி வேலைகள்தான் வரும். கடைசிப் பக்கத்தில் குறித்து ஒதுக்குங்கள். அதற்குப் பிறகு மனதில் வரும் எண்ணங்கள்தான் முக்கியம்.

"எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று தொடங்கினால் புலம்பலில் போய் நிற்கும். "இன்று எப்போது முகம் சுருங்கியது? அதற்கு முன் என்ன நடந்தது?" என்று எழுதுங்கள். இரண்டு வாரம் திரும்பிப் படிக்க வேண்டாம். 15-ஆம் நாள் மொத்தமாக வாசித்து, மூன்று முறைக்கு மேல் வரும் ஆளையும் வேலையையும் அடிக்கோடிடுங்கள்.