அப்டேட்டுக்குப் பிறகு டெஸ்க்டாப் காலியா? கையை மவுஸிலிருந்து எடுங்கள்

விண்டோஸ் அப்டேட் முடிந்து கணினி மறுபடி ஆன் ஆகிறது, பாஸ்வேர்டும் சரியாகத்தான் போகிறது, ஆனால் உள்ளே போனால் அது நம் கணினி மாதிரியே இல்லை. புதுசாக வாங்கியபோது இருந்த வால்பேப்பர், இரண்டே இரண்டு ஐகான், டாக்குமென்ட்ஸைத் திறந்தால் ஒன்றும் இல்லை. வலது பக்க மூலையில் ஒரு அறிவிப்பு வந்து போகும்: தற்காலிக புரொஃபைலில் (உங்கள் ஃபைல்களும் அமைப்புகளும் சேர்ந்த இடத்துக்குப் பதிலாக ஒரு காலி இடத்தில்) நுழைந்திருக்கிறீர்கள், இதில் நீங்கள் உருவாக்கும் ஃபைல்கள் சைன் அவுட் செய்ததும் அழிந்துவிடும் என்று. பதற்றத்தில் அதை யாரும் முழுசாகப் படிப்பதில்லை.

இந்த நேரத்தில் உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கின்றன. அடுத்த அரை மணி நேரத்தில் நாம் எதையாவது சரிசெய்கிறேன் என்று கையை வைக்கும்போதுதான் அவை நிஜமாகப் போகின்றன.

என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஒவ்வொரு யூசருக்கும் விண்டோஸ் ஒரு நீளமான அடையாள எண் வைத்திருக்கிறது. வீட்டுக் கணினிகளில் அது பொதுவாக எஸ்-1-5-21 என்று தொடங்கும். நீங்கள் நுழையும்போது, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல்லிஸ்ட் என்ற பகுதியில் அந்த எண்ணைத் தேடி, அதில் எழுதியிருக்கும் ஃபோல்டருக்குப் போய், அங்கே உள்ள என்டியூசர் டாட் டேட் என்ற ஃபைலை எடுத்து உங்கள் அமைப்புகளை ஏற்றுகிறது. ஆன்டிவைரஸ் அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தாலோ, அது கெட்டுப்போயிருந்தாலோ, அப்டேட் பாதி வேலையோடு நின்றிருந்தாலோ ஏற்ற முடியாது. அப்போது விண்டோஸ் உங்களை வெளியே நிறுத்துவதில்லை. ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பழைய பதிவின் பெயருக்குப் பின்னால் டாட் பேக் என்று ஒட்டி ஓரமாக வைத்துவிட்டு, யூசர்ஸ் ஃபோல்டருக்குள் டெம்ப் என்று ஒரு காலி இடத்தைத் திறந்து அதில் உட்கார வைக்கிறது. உங்கள் பழைய ஃபோல்டருக்குள் இருப்பதை அது தொடுவதே இல்லை.

2020 பிப்ரவரியில் வந்த கேபி4532693 என்ற அப்டேட்டில் விண்டோஸ் 10 பயனாளர்கள் பலருக்கு இதுதான் நடந்தது. ஃபைல்கள் எல்லாம் போய்விட்டன என்று அலறியவர்களில் பலர் பிறகு சி டிரைவில் பார்த்தபோது, தங்கள் ஃபோல்டர் பெயர் மாறி, கடைசியில் டாட் 000 அல்லது டாட் பேக் என்று ஒட்டிக்கொண்டு பத்திரமாக இருந்தது. இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு சிலருடைய டாக்குமென்ட்ஸையும் படங்களையும் உண்மையிலேயே அழித்தது. அந்த ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்து, பழைய இடத்திலும் ஃபைல்களை விட்டுவைத்தவர்கள் மாட்டினார்கள். சில நாளிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி விட்டது. ஆகவே அழியவே அழியாது என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அது அரிது.

சரி, தவறுகளுக்கு வருவோம்.

முதல் தவறு, தற்காலிக புரொஃபைலிலேயே வேலையைத் தொடங்கிவிடுவது. அவசரமாக ஒரு எக்செல் அனுப்ப வேண்டும், அதை முடித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து, டெஸ்க்டாப்பில் சேமித்து, சாயங்காலம் ஷட் டவுன் செய்தால் அந்த ஃபைல் கதை முடிந்தது, ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் பென் டிரைவிலோ டி டிரைவிலோ சேமியுங்கள்.

இரண்டாவது, தொலைந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் எதையாவது டவுன்லோட் செய்து அதே சி டிரைவில் நிறுவுவது. தொலையாத ஒன்றைத் தேட இது தேவையே இல்லை. ஒருவேளை நிஜமாகவே அழிந்திருந்தால், அதே டிரைவில் புதிதாக எழுதுகிற ஒவ்வொன்றும் அழிந்த ஃபைல் இருந்த இடத்தின் மேலேயே போய் உட்காரலாம். எஸ்எஸ்டி என்றால் நிலைமை இன்னும் மோசம்; அழித்த இடத்தை அதுவே பின்னணியில் துடைத்துவிடும், அதனால் அப்படிப்பட்ட சாஃப்ட்வேருக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் வெறும் பெயர்கள்தான்.

முதலில் எந்த நோய் என்று பாருங்கள். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வருகிற பெட்டியில் யூசர்புரொஃபைல் என்ற சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல், இரு பக்கமும் சதவீதக் குறியோடு அடித்து என்டர் தட்டுங்கள். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் ஃபோல்டர் திறக்கும், அதன் முழு முகவரியை மேலே பாருங்கள். டெம்ப் என்றிருந்தால் தற்காலிக புரொஃபைல். உங்கள் பெயரே இருந்து டெஸ்க்டாப் மட்டும் காலி என்றால், மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் ஃபோல்டருக்குள் இன்னொரு டெஸ்க்டாப் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கப்பை ஆன் செய்யச் சொல்லிக் கேட்கும்போது கவனிக்காமல் சம்மதம் கொடுத்திருப்போம், எல்லாம் அங்கே போய்க் குடியேறியிருக்கும். மூன்றாவதாக, உங்கள் இமெயிலின் முதல் ஐந்து எழுத்தில் ஒரு புது ஃபோல்டர் இருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் புதிதாக ஒரு யூசர் உருவாகி அதில் நுழைந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய யூசர் பக்கத்திலேயே இருப்பார். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பார்க்காமலே இணையத்தில் முதலில் கிடைத்த வீடியோவைப் பின்பற்றுவதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம் என்பேன்.

தற்காலிக புரொஃபைல்தான் என்று தெரிந்தால் முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்துவிட்டு ஆன் செய்வது வேறு; ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும் கணினியில் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் உள்பகுதி முழுசாக மூடாது, ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். இரண்டு மூன்று முறை செய்து பார்ப்பதில் நஷ்டம் இல்லை. அப்டேட் தன் வேலையை முடித்துக்கொண்டு பழைய புரொஃபைல் தானாகத் திரும்பி வருவதும் உண்டு.

வரவில்லையா? எதையும் சரிசெய்யும் முன் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் உங்கள் பழைய ஃபோல்டரை வெளியே ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள். திறக்கும்போது அனுமதி இல்லை, தொடரவா என்று கேட்கும்; அட்மின் உரிமை இருந்தால் தொடரலாம். சிலர் அதோடு நிற்காமல் மொத்த ஃபோல்டரின் உரிமையாளரையும் மாற்றி, உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் அது பரவட்டும் என்று டிக் போட்டுவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். என்டியூசர் ஃபைலின் அனுமதிகள் கலைந்தால் பழைய புரொஃபைல் திரும்பி வரும் வழியையே அடைத்துவிடலாம்.

இப்போது பெரிய தவறு. ஏதோ கெட்டுப்போன கணக்கு, அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால் சரியாகிவிடும் என்று செட்டிங்ஸில் போய் அந்தக் கணக்கை நீக்குவது. கணக்கோடு டேட்டாவும் போகும் என்று திரையிலேயே எழுதியிருக்கும், அதையும் தாண்டிப் பொத்தானை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் யூசர் புரொஃபைல்ஸ் பட்டியலுக்குப் போய் டிலீட் அழுத்துவதும் இதே ரகம், ஃபோல்டரே போய்விடும். டிஸ்க் கிளீனப்பும் வேண்டாம். பெரிய அப்டேட் என்றால் விண்டோஸ் டாட் ஓல்ட் என்று ஒரு ஃபோல்டர் சாதாரணமாக 10 நாள் இருக்கும், பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அதுதான். இடம் போதவில்லை என்று அதைக் காலி செய்தால் கதவை நாமே பூட்டிவிட்டோம்.

பாஸ்வேர்டில்தான் கோளாறு என்று நினைத்து, இன்னொரு அட்மின் கணக்கிலிருந்து அதை மாற்றிவிடுவதும் நடக்கிறது. பிரச்சினை பாஸ்வேர்டில் இல்லை. லோக்கல் கணக்கில் இப்படி வெளியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றினால், பழைய பாஸ்வேர்டோடு பிணைத்துப் பூட்டியிருந்த ரகசியங்கள், அதாவது சேமித்த பாஸ்வேர்டுகளும் விண்டோஸில் என்கிரிப்ட் செய்து வைத்த ஃபைல்களும், திறக்காமல் போகலாம்.

ரெஜிஸ்ட்ரி வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்கிறது, ஆனால் செய்கிற வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. வேறொரு அட்மின் கணக்கில் நுழைந்து, புரொஃபைல்லிஸ்ட் பகுதியை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரே எண் இரண்டு முறை இருக்கும், ஒன்றில் டாட் பேக் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றையும் கிளிக் செய்து புரொஃபைல்இமேஜ்பாத் எந்த ஃபோல்டரைக் காட்டுகிறது என்று பாருங்கள். பொதுவாக டாட் பேக் இருப்பதுதான் உங்களுடையது, மற்றது டெம்ப். பெயரைப் பார்த்து பேக்கப் தானே என்று டாட் பேக்கை அழிப்பவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். எதையும் அழிக்க வேண்டாம். டெம்ப் பதிவின் பெயரில் கடைசியில் வேறு ஏதாவது ஒட்டி ஒதுக்குங்கள், உங்கள் பதிவிலிருந்து டாட் பேக்கை எடுத்துவிடுங்கள், அதில் ஸ்டேட், ரெஃப்கவுன்ட் என்ற மதிப்புகள் இருந்தால் இரண்டையும் 0 ஆக்குங்கள், பிறகு ரீஸ்டார்ட். ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது, அதிலும் டாட் பேக் ஒட்டியிருக்கிறது என்றால் அந்த டாட் பேக்கை எடுத்தாலே போதும்.

அதற்கும் மசியாமல் மறுபடி டெம்ப்பிலேயே வந்து நின்றால் விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்து 1511, 1508 போன்ற எண்களைத் தேடுங்கள். ஏன் ஏற்ற முடியவில்லை என்று அங்கே ஒரு வரி இருக்கும். ஃபைலே கெட்டுவிட்டது என்று சொன்னால் மல்லுக்கட்டாமல் புதுக் கணக்கு உருவாக்கி ஃபைல்களை அதற்கு மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மாற்றும்போது மொத்த ஃபோல்டரையும் அள்ளிக் கொட்டாதீர்கள். என்டியூசர் என்று தொடங்கும் ஃபைல்களை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பழைய நோயும் சேர்ந்து வந்துவிடும். குரோம் ஃபோல்டரை நகல் எடுத்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. அவை பழைய யூசரோடு பூட்டப்பட்டவை. கூகுள் கணக்கில் சிங்க் செய்திருந்தால் பிழைத்தீர்கள். இன்னொன்று, தமிழில் தட்டச்சு செய்பவர்கள் தவறவிடுவது: 1809 பதிப்பிலிருந்து நாம் சாதாரணமாக நிறுவும் ஃபான்ட்கள் எல்லாருக்கும் பொதுவாகப் போகாமல் அந்த யூசரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்தான் போகின்றன. புதுக் கணக்கில் பழைய பாமினி ஃபைலைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், ஃபான்ட்டைப் போட்டால் சரியாகிவிடும்.

கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் டேட்டா வேண்டும், ஃபார்மட் செய்யாதீர்கள் என்று வாயால் மட்டும் சொல்லாமல் ரசீதில் எழுதி வாங்குங்கள். புது லேப்டாப்களில் டிஸ்கையே பூட்டி வைக்கும் பிட்லாக்கர் தானாகவே ஆன் ஆகியிருக்கலாம், அப்படியென்றால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் ஒன்றும் தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து மொபைலிலேயே அந்த எண் அங்கே இருக்கிறதா என்று பார்க்கலாம். கடைக்குக் கிளம்பும் முன்னே பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.