ஆண் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: முதல் வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைனகோமாஸ்டியா எனப்படும் ஆண் மார்பகப் பெருக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் பலர், வீட்டாருக்குக்கூட முழு விவரம் சொல்லாமல், நான்கு நாள் விடுப்பில் எல்லாம் முடிந்துவிடும் என்ற கணக்கோடு வருகிறார்கள். ஆண்டுக்கணக்கில் தொளதொளப்பான சட்டைக்குள் ஒளித்து வைத்த கூச்சம் தையல் போட்ட பிறகும் விடுவதில்லை. தொல்லை வரும்போது வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்வதும் அந்தக் கூச்சத்தால்தான்.

முதல் வாரங்களில் செய்யும் தவறுகளுள் மிக ஆபத்தானது, ஒரு பக்கம் மட்டும் வீங்குவதைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் வீங்குவதும், தோல் நீலம் பாரித்துப் பின் மஞ்சளாவதும் இயல்பே. ஆனால், ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்துக்குள் புடைத்து, தோல் விறைத்துப் பளபளத்து, மாத்திரைக்கு அடங்காத வலியும் சேர்ந்தால், உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று கொள்ள வேண்டும். பெரும்பாலும் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் இது நேரும். விடியட்டும் என்று இருக்காமல், நள்ளிரவானாலும் மருத்துவரை அழையுங்கள். கட்டிய ரத்தத்தை உடனே வெளியேற்றாவிட்டால் மேல் தோலுக்கும் முலைக்காம்புக்கும் ரத்த ஓட்டம் குறையலாம். சில நாட்கள் கழித்துத் தொட்டால் தளும்புவது போன்ற வீக்கம் வந்தால் அது நீர் கோத்தலாக இருக்கலாம். தேவைப்பட்டால் மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு ஆகியவையும் காத்திருக்கக் கூடியவை அல்ல.

அறுவை சிகிச்சைக்குப் பின் மார்பை அழுத்திப் பிடிக்க அணியும் அழுத்த பனியனை வெக்கை தாளாமல் கழற்றிப் போடுபவர்கள் ஒரு புறம், இறுக்கினால் சீக்கிரம் தட்டையாகும் என்று ஓர் அளவு சிறியதை வாங்கிப் போடுபவர்கள் மறுபுறம். பனியனின் கீழ் விளிம்பு சுருண்டு, மார்புக்கு அடியில் கயிறு கட்டியது போலச் சிவந்த பள்ளம் விழுவதைப் பார்த்தால் இரண்டாவது தவறு புரியும். சுருக்கமின்றி இழுத்துவிட்டு, பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் வரை, மருத்துவர் சொல்லும் காலம் முழுவதும் அணிய வேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் அன்போடு கொண்டுவரும் வெந்நீர் ஒத்தடத்தை மரியாதையாக மறுத்துவிடுங்கள். மார்புத் தோல் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட, மரத்துக் கிடக்கும். சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். பனிக்கட்டியை நேராக வைப்பதும் அதே கேடுதான்.

ஐந்தாம் நாள் கண்ணாடி முன் நின்று, வீக்கத்தைக் கண்டு மனம் உடைபவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் முலைக்காம்புக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்படுவது, பெரும்பாலும் ஆறிவரும் திசுவே தவிர, மார்பகம் மீண்டும் வளர்வது அல்ல. உண்மையான வடிவம் தெரிய 3 முதல் 6 மாதங்கள் ஆகும். அதற்குள் அந்தக் கெட்டியைத் தாமாகப் பிசைந்து கரைக்க முயலக் கூடாது.

தண்ணீர் கேன் தூக்குவது, கையைத் தலைக்கு மேல் வீசுவது, அனுமதி கிடைக்கும் முன் ஜிம்முக்குப் போவது ஆகியவை ரத்தக் கசிவைத் தூண்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தாமாக விழுங்குவதும் அப்படியே. புகைப்பது காயத்துக்கு வரும் ரத்தத்தையே சுருக்கிவிடும்.

எடுத்த திசு பரிசோதனைக்கு அனுப்பப்பட்டிருந்தால், அதன் அறிக்கையை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். ஆணுக்கும் மார்பகப் புற்றுநோய் அரிதாக வருவதுண்டு. தையல் பிரிக்கப் போகும் நாளில் அறிக்கையையும் கேட்டு, மருத்துவர் எதிரிலேயே அதைப் படித்துப் பாருங்கள்.