வீட்டுக்குப் புதிதாக வந்த நெட்ஃபிளிக்ஸ்: பிள்ளையிடம் ரிமோட்டைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். நானும் கணவரும், 13 வயது மகள், 7 வயது மகன், என் அம்மா என ஐந்து பேர். சென்ற மாதம்வரை கனடாவில் இருக்கும் மைத்துனரின் கணக்கில்தான் நெட்ஃபிளிக்ஸ் பார்த்துவந்தோம். ஒரு கணக்கு ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்ற விதி இறுகியபின் அந்த வழி அடைபட்டது. அதனால் சொந்தமாக ஒரு கணக்கு எடுத்தோம். மூன்று வாரம் பார்த்தாயிற்று. அக்கம்பக்கத்து அம்மாக்கள் இருவர் "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டதால், செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதற்படி: திட்டத்தைத் தெரிவு செய்தல்

ஒவ்வொரு திட்டத்திலும் இரண்டு விடயங்களைப் பாருங்கள். எந்தக் கருவியில் ஓடும், ஒரே நேரத்தில் எத்தனை திரைகளில் ஓடும். மலிவான கைபேசித் திட்டம் கைபேசியிலும் டேப்லெட்டிலும் மட்டுமே ஓடும். விலையை மட்டும் பார்த்து அதை எடுத்தால் தொலைக்காட்சியில் படம் வராது. அடிப்படைத் திட்டத்தில் ஒரு திரை, நடுத்தரத்தில் இரண்டு, உயர்ந்ததில் நான்கு. மகள் அறையில் ஒன்றும் அம்மம்மா கூடத்தில் ஒன்றும் பார்ப்பார்கள் என்பதால் எங்களுக்கு இரண்டு திரை போதும் என்று முடிவெடுத்தோம். இலவசமாகப் பார்த்துச் சோதிக்கும் காலம் கிடையாது. முதல் நாளே பணம் கழியும். ஆனால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தினாலும் பணம் கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம். ஆகவே ஒரு மாதம் எடுத்துப் பார்ப்பதில் பெரிய இழப்பு இல்லை.

இரண்டாம் படி: வங்கி அட்டை

கட்டணம் அமெரிக்க டொலரில் அறவிடப்படுகிறது. நான் அட்டை இலக்கத்தைக் கொடுத்தபோது மூன்று முறையும் மறுத்துவிட்டது. கணக்கில் பணம் இருந்தது. வங்கிக்கு அழைத்துக் கேட்டபோதுதான், வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு என் அட்டையில் திறக்கப்படவில்லை என்று தெரிந்தது. நீங்கள் முதலிலேயே அழைத்து அதைத் திறந்து வையுங்கள். டொலரின் பெறுமதி மாறும்போது ரூபாய்க் கணக்கும் மாதத்துக்கு மாதம் சற்று மாறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தொலைக்காட்சியில் நுழைதல்

ரிமோட்டால் எழுத்தெழுத்தாகக் கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். தொலைக்காட்சியில் செயலியைத் திறந்தால் ஒரு குறியீடு காட்டும். அதைக் கைபேசியில் பதிந்தால் கணக்கு தானாகவே திறந்துவிடும்.

நான்காம் படி: ஆளுக்கொரு புரொஃபைல்

ஒரே கணக்குக்குள் ஆளுக்கென்று இருக்கும் தனிப் பக்கம்தான் புரொஃபைல். ஒரு கணக்கில் ஐந்து வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. எல்லோரும் ஒரே புரொஃபைலில் பார்த்தால், மகனின் கார்ட்டூனும் அம்மாவின் குடும்பப் படமும் என் கணவரின் துப்பறியும் தொடரும் ஒன்றோடொன்று கலந்து, யாருக்கும் வேண்டியது முன்பக்கத்தில் வராமல் போகும். மகனுக்கு உருவாக்கும்போது "சிறுவர்" என்ற தெரிவைப் போட்டு, வயது மட்டத்தை 7+ என்று வைத்தேன். மகளுக்கு 13+. அவளிடம் சொல்லிவிட்டே செய்தேன். அவளுக்குத் தெரியாமல் வேலி போட்டால் தாண்டத்தான் பார்ப்பாள்.

ஐந்தாம் படி: உங்கள் புரொஃபைலைப் பூட்டுதல்

இந்த ஒரு படிக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். சிறுவர் புரொஃபைல் ஒன்றை உருவாக்கியதும் நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். இரண்டாம் நாள் சமையலறையில் புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால், மகன் தன் அப்பாவின் பெயருள்ள படத்தை அமுக்கி, அவர் பாதியில் விட்ட தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கண் இமைக்கவில்லை. ரிமோட்டை வாங்கியபோது அவன் கை குளிர்ந்திருந்தது. அன்றிரவு எங்களோடுதான் படுத்தான்.

அவன்மேல் பிழை இல்லை. முன்பக்கத்தில் ஐந்து படங்கள் வரிசையாக இருக்கின்றன, ஐந்தையும் அமுக்கலாம். பிள்ளையின் அறைக்கு மட்டும் சுவர் கட்டி, பெரியவர்களின் அறைக் கதவைத் திறந்துபோட்டிருந்தது நான்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. கைபேசியின் அல்லது கணினியின் உலாவியில் கணக்குப் பக்கத்துக்குச் செல்லுங்கள். உங்கள் புரொஃபைலைத் தெரிவு செய்து "புரொஃபைல் பூட்டு" என்பதைத் திறங்கள். கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். பின்னர் நான்கு இலக்க இரகசிய எண் (PIN, பின்) ஒன்றைக் கொடுங்கள். அதே இடத்தில், புதிய புரொஃபைல் உருவாக்கவும் பின் தேவை என்ற தெரிவையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேரோ அத்தனை புரொஃபைலுக்கும் இதைச் செய்ய வேண்டும். பிறந்த ஆண்டையோ மோட்டார் சைக்கிள் இலக்கத்தையோ பின்னாக வைக்காதீர்கள், பிள்ளைகளுக்கு அவை மனப்பாடம். கணக்கின் கடவுச்சொல் அவர்களுக்குத் தெரியவே கூடாது. அது தெரிந்தால் எல்லாப் பூட்டையும் மாற்றிவிடலாம்.

வயது மட்டத்துக்குள் அடங்கினாலும் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சி உங்களுக்குப் பிடிக்காதிருக்கலாம். பார்வைக் கட்டுப்பாடு என்ற பகுதியில் அதன் பெயரை எழுதிவிட்டால், அந்தப் பிள்ளையின் புரொஃபைலில் அது காட்டப்படாது. நான் ஒன்றை இப்படி மறைத்திருக்கிறேன். அதைப் பார்த்தால் மகன் தம்பி முறைப் பிள்ளைகளை உதைத்து விளையாடுகிறான்.

ஆறாம் படி: தானாக ஓடுவதை நிறுத்துதல்

ஒரு அத்தியாயம் முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும். புரொஃபைல் அமைப்புகளில் இதை நிறுத்திவிடலாம். முன்னோட்டம் தானாக ஓடுவதற்கும் தனியாக ஒரு தெரிவு உண்டு, அதையும் நிறுத்துங்கள். நிறுத்திய நாளிலிருந்து "இது முடிந்ததும் படிப்பு" என்ற என் சொல்லுக்கு வீட்டில் ஒரு பெறுமதி வந்திருக்கிறது, ஏனெனில் இப்போது உண்மையாகவே அது முடிகிறது.

ஏழாம் படி: டேட்டா கணக்கு

வீட்டு இணையத்துக்கு மாதாந்த எல்லை உள்ளவர்கள் இதை நிதானமாக வாசியுங்கள். ஒரு மணி நேரம் பார்க்க, தாழ்ந்த தரத்தில் ஏறத்தாழ 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7 ஜிபி, எச்டி எனப்படும் உயர்ந்த தரத்தில் 3 ஜிபிவரை செலவாகும் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவு. நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 60 மணி. எச்டியில் அது 180 ஜிபி, நடுத்தரத்தில் 42, தாழ்ந்ததில் 18. எங்கள் மாத இணையப் பொதி முதல் வாரத்திலேயே பாதிக்கு வந்துவிட்டது. மகளின் இணைய வகுப்பும் அதில்தான் நடக்கிறது.

கணக்குப் பக்கத்தில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் "ஒளிபரப்பு அமைப்பு" இருக்கிறது. நான் மகனுக்குத் தாழ்ந்ததும் மற்றவர்களுக்கு நடுத்தரமும் வைத்தேன். கார்ட்டூனில் வித்தியாசம் தெரியவில்லை. கடல், காடு காட்டும் படங்களில் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பார்க்கும்போது மட்டும் உயர்த்திக்கொள்கிறோம்.

இன்னொரு வழியும் உண்டு. பல பொதிகளில் இரவுக்கென்று தனியாக ஓர் அளவு தருகிறார்கள், பகலில் அது பயன்படாது. கைபேசியிலோ டேப்லெட்டிலோ நிகழ்ச்சிகளைப் பதிவிறக்கி வைக்கலாம் என்பதால், நான் விடியற்காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அன்றைக்கு மகன் பார்ப்பதற்கு இரண்டைப் பதிவிறக்கிவிடுகிறேன். மாரி மழையில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் எங்கள் ஊருக்கு இது இரட்டை உதவி. உங்கள் பொதியில் இரவு நேரம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எட்டாம் படி: அம்மம்மாவுக்காகத் தமிழ்

அம்மாவின் புரொஃபைலில் விருப்ப மொழியாகத் தமிழைச் சேர்த்தேன். தேடும் இடத்தில் "தமிழ்" என்று ஆங்கில எழுத்தில் தட்டினாலும் தமிழ்ப் படங்கள் வரிசையாக வரும். பிறமொழி நிகழ்ச்சிகளில் சிலவற்றுக்கு மட்டுமே தமிழ் ஒலி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது பேச்சுக்குமிழ் போன்ற குறியை அமுக்கினால் எந்தெந்த மொழிகள் இருக்கின்றன என்று காட்டும். ஒவ்வொன்றிலும் அமுக்கிப் பாருங்கள்.

சென்ற ஞாயிறு திமிங்கிலங்களைப் பற்றிய படம் ஒன்றை ஓடவிட்டோம். தமிழ் ஒலி இல்லை. மகள் ஆங்கிலத் துணை உரையை வாசித்து வாசித்து அம்மம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். நீலத் திமிங்கிலம் மேலெழுந்து நீரைப் பீய்ச்சியதும் அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இதைக் கோணேசர் கோயில் மலையில் நின்று நான் பார்த்திருக்கிறேன்" என்றார். பங்குனி, சித்திரையில் அந்தக் கோயில் இருக்கும் சுவாமி மலைக்கு எதிரே கடலில் திமிங்கிலம் வருவது இங்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மகன் நம்பவில்லை. படத்தை நிறுத்தச் சொன்னான். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு பெரியது என்று கேட்டுக்கொண்டே அம்மம்மாவின் மடிக்கு நகர்ந்தான். படம் அரை மணி நேரம் அப்படியே நின்றது.

கடைசியாக, வாரத்துக்கு ஒருமுறை கணக்குப் பக்கத்தில் "பார்வை வரலாறு" என்பதைத் திறந்து பாருங்கள். யார் எதை எந்த நாளில் பார்த்தார்கள் என்பது புரொஃபைல்வாரியாக இருக்கும். நான் சனிக்கிழமை காலையில் பார்க்கிறேன், மகனையும் அருகில் வைத்துக்கொண்டு.