கள ஆய்வில் கதையைக் கேட்பதும் பதிவதும் எழுதுவதும்

ஒரு மக்கள் கூட்டத்தோடு தங்கிப் பழகி அவர்கள் வாழ்க்கையை எழுதும் இனவரைவியல் ஆய்வுக்குப் புதிதாகக் களம் இறங்குபவர்கள் பெரும்பாலும் வினாநிரலோடு போய் விதிகளோடு திரும்புகிறார்கள். “இங்கே திருமணத்தை எப்படிப் பேசி முடிப்பீர்கள்?” என்று கேட்டால் நடக்க வேண்டிய முறை விடையாகக் கிடைக்கும். “உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த திருமணம் எப்படிக் கூடிவந்தது?” என்று கேட்டால் நடந்தது கிடைக்கும், யார் கோபித்துக்கொண்டார், யார் சமாதானம் செய்தார், எந்த முறையை யாருக்காகத் தளர்த்தினார்கள் என்பதெல்லாம் தாமாகவே வந்து சேரும். பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் இலோங்கோட் மக்களிடையே ஆய்வு செய்த ரெனாட்டோ ரொசால்டோ, வேட்டையைப் படிப்படியான செயல்முறையாக விவரிக்கும் ஆய்வுரைகள், வேட்டைக்காரர்கள் தங்கள் கதைகளில் கொண்டாடும் எதிர்பாராத தருணங்களைத் தவறவிடுகின்றன என்று சுட்டிக்காட்டினார். ஆகவே, குறிப்பிட்ட ஒரு நாளையோ ஆளையோ நிகழ்வையோ நினைவூட்டும் கேள்விகளை எழுதிக்கொண்டு செல்லுங்கள். கேட்டபின் குறுக்கிட வேண்டாம். மௌனம் நீளும்போது அடுத்த கேள்வியை எடுப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்; சொல்பவர் அந்த நேரத்தில்தான் சொல்லத் தயங்கிய இடத்தை நெருங்கிக்கொண்டிருப்பார்.

கதைகளை வகைப்படுத்துவதற்கு முன், அம்மக்கள் அவற்றை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கேளுங்கள். ‘தொன்மம்’, ‘பழமரபுக்கதை’ என்ற நம்முடைய அறைகளுக்குள் அவற்றை முதலிலேயே அடைத்துவிட்டால், அவர்களுடைய பாகுபாடு கண்ணில் படாமலே போகும். முதல் உலகப்போர்க் காலத்தில், நியூ கினிக்கு அருகிலுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்ந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி மூன்று வகைகளைக் குறித்துவைத்தார். பொழுதுபோக்காகச் சொல்லப்படும் குக்வனேபு கதைகளுக்கு உரிமையாளர்கள் உண்டு. நடவுக்குப் பின் மழைக்காலத்தில்தான் அவற்றைச் சொல்வார்கள். சொன்னால் பயிருக்கு நல்லது என்ற நம்பிக்கையும் இலேசாக உண்டு. உண்மையில் நடந்ததாகக் கருதப்படுபவை லிப்வோக்வோ. சடங்குக்கும் உரிமைக்கும் ஆதாரமாக நிற்கும் புனிதக் கதைகள் லிலியு. இந்தப் பெயர்களைக் கேட்டறிந்தாலே ஒரு கதையைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு, அதை எப்போது சொல்லலாம், யார் முன்னால் சொல்லக் கூடாது என்பவையும் தெரிந்துவிடும். வட அமெரிக்கப் பழங்குடிகள் பலரிடையே சில கதைகள் குளிர்காலத்துக்கு மட்டுமே உரியவை. கோடை விடுமுறையில் மட்டும் களத்துக்குச் செல்லும் ஆய்வாளருக்கு அவை கிடைக்காது. அவசரப்படுத்திப் பெறவும் கூடாது.

கதையோடு, அது சொல்லப்பட்ட நிகழ்வையும் பதிவு செய்யுங்கள். கதை தகவலைப் பொதிந்து வைத்திருக்கும் பெட்டி என்ற நினைப்பே பல ஆய்வேடுகளைக் கெடுத்திருக்கிறது. கதை ஒருவர் மற்றொருவருக்குச் செய்யும் செயல். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சிபெக்யூவில் மேற்கு அப்பாச்சி பழங்குடி மக்களோடு பழகிய கீத் பாசோ, அவர்களுடைய ஒருவகைக் கதைகள் ஓர் இடத்தின் பெயரோடு தொடங்கி அதே பெயரோடு முடிவதையும், நெறி தவறியவர் இருக்கும் அவையில் அம்புபோல அவரை நோக்கி எய்யப்படுவதையும் விவரித்திருக்கிறார். அந்தக் கதையை அச்சிட்டால் சில வரிகள்தான் தேறும். யார் அருகில் இருந்தார், யார் எழுந்து போனார், முந்தைய வாரம் என்ன நடந்தது என்பவை களக்குறிப்பில் இல்லாவிட்டால் அந்தச் சில வரிகளைக் கொண்டு எதையும் விளக்க முடியாது. ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் குறிப்பேட்டை மூடி வைப்பவர்கள் பிறகு வருந்துவது இதனால்தான். உங்களுக்காகவே அக்கதை சொல்லப்பட்டது என்றால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஒலிப்பதிவை எழுத்தாக்குவது அலுப்பான வேலை. பிறரிடம் ஒப்படைக்கத் தோன்றும், ஆனால் முதல் சில பதிவுகளையாவது நீங்களே செய்யுங்கள். அமெரிக்கப் பழங்குடியினரான சூனி (Zuni) மக்களின் கதைகளைப் பதிந்த டெனிஸ் டெட்லாக், சொல்பவர் நிறுத்திய இடங்களில் வரியை முறித்தார். குரல் உயர்ந்த இடங்களைப் பெரிய எழுத்துகளால் காட்டினார். தமிழில் பெரிய எழுத்து கிடையாது, தடித்த எழுத்தைப் பயன்படுத்தலாம். எந்தக் குறியீட்டை எடுத்தாலும் தொடக்கம் முதல் இறுதிவரை அதையே கையாளுங்கள். பேச்சு வழக்கைத் திருத்தி நல்ல நடையாக்க முயல வேண்டாம்.

பகுப்பாய்வில் முதலில் தேட வேண்டியது மதிப்பீடு. வில்லியம் லபோவும் ஜோஷுவா வாலெட்ஸ்கியும் 1967இல் வாய்மொழி அனுபவக் கதைகளின் அமைப்பை ஆராய்ந்தபோது, நிகழ்வுகளை வரிசையாகச் சொன்னால் மட்டும் கதை ஆகிவிடாது என்பதையும், இது ஏன் சொல்லத் தகுந்தது என்று சொல்பவர் உணர்த்தும் பகுதி இன்றியமையாதது என்பதையும் காட்டினார்கள். “அப்படி ஒரு நாளை நான் பார்த்ததே இல்லை” என்பது போன்ற வாக்கியங்களைக் குறியிட்டு வாருங்கள். ஒரு சமூகம் எதை இயல்பாகவும் எதை மீறலாகவும் கருதுகிறது என்பது அங்கே தெரியும். ஒரே நிகழ்வை இருவர் இருவிதமாகச் சொன்னால் எது உண்மை என்று தீர்ப்பெழுத அவசரப்படாமல், அந்த வேறுபாடு யாருக்கு உதவுகிறது என்று பாருங்கள்.

தலைகீழாகவும் ஒரு சோதனை செய்யலாம்: உங்களுக்குத் தெரிந்த கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். நைஜீரியாவின் திவ் இன மூப்பர்களுக்கு ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகக் கதையைச் சொன்ன லாரா போஹனன், அவர்கள் தன்னை இடைமறித்துத் திருத்தியதை 1966இல் எழுதினார். இறந்தவர் நடமாட முடியாது, ஆகவே ஹாம்லெட்டின் தந்தையின் ஆவியாக வந்தது சூனியக்காரர் அனுப்பிய சகுனம் என்றார்கள். ஹாம்லெட்டின் தாய், கணவன் இறந்தபின் அவன் தம்பியை மணந்துகொண்டது மிகச் சரி என்றார்கள். ஆவி, மறுமணம் இரண்டைப் பற்றியும் நேரடியாகக் கேட்டிருந்தால் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருப்பார்களா என்பது ஐயமே.

எழுதும்போது ஆய்வாளரும் கதைசொல்லி ஆகிறார். எங்கே தொடங்குவது, யாரை முன்னிறுத்துவது என்ற முடிவுகள் அவருடையவை. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். நான்சி ஷெப்பர்-ஹியூஸ் 1979இல் அயர்லாந்தின் ஒரு கிராமத்தைப் புனைபெயரில் எழுதினார். ஊர் அடையாளம் காணப்பட்டது, 1999இல் திரும்பிச் சென்ற அவரை ஊரார் வெளியேறச் செய்தார்கள். ஒரே கதையில் கூடி வரும் தொழில், வயது, உறவுமுறை ஆகிய மூன்றுமே ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே அச்சுக்கு அனுப்பும் முன் கதையைச் சொன்னவரிடம் அவருடைய மொழியில் வாசித்துக் காட்டுங்கள். அவர் நீக்கச் சொல்வதை நீக்குங்கள். திருத்தம் சொன்னால் அவர் ஒப்புதலோடு, அதையும் தேதியிட்டு மற்றொரு சொல்வடிவமாகக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.